மூக்கு திறந்தால் போதுமா?

நெய்வேலியில் மார்கழி பிறந்தால் வீட்டுக்கு வீடு நீலகிரித் தைல வாடை. நிலக்கரித் தூசியிலும் சாம்பலிலும் இருபது வருடம் உழைத்தவர், மாடி ஏறினாலே இரைக்கிறது என்பார். டாக்டரைப் பார்த்தீர்களா என்றால், "ராத்திரி ஆவி பிடிச்சேன், இப்ப பரவாயில்ல சார்" என்பார். அந்தப் 'பரவாயில்ல'யிலேயே மூன்று வருடம் ஓடிவிடுகிறது.

தைலத்தின் முக்கியச் சரக்கு சினியோல். அது மூக்கில் குளிர்ச்சியை உணர்த்தும். அடைப்பு விட்டதுபோல் இருக்கும். சுருங்கிய மூச்சுக்குழாய் அதனால் விரிந்துவிட்டது என்று பொருளில்லை. ஆராய்ச்சியே இல்லையா? உண்டு. 2003-இல் ஜெர்மனியில் 32 ஆஸ்துமா நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்தார்கள். சினியோல் எடுத்தவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையின் தேவை 36 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 7 சதவீதம். ஆனால் கொடுத்தது அளவிட்ட கேப்சூல், வேளைக்கு 200 மில்லிகிராம், மருத்துவர் கண்காணிப்பில். கடைப் புட்டி அல்ல.

தைலத்தைக் குடிக்காதீர்கள். சர்க்கரையில் விட்டும் கொடுக்காதீர்கள். ஒரு டீஸ்பூன் போதும், குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வர. கைக்குழந்தையின் மூக்கருகே தடவவே வேண்டாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு 108-இல் கிளம்புங்கள். டெல்லி எய்ம்ஸின் நச்சுத் தகவல் மையம்: 1800 116 117.

இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். இரைப்புக்கு, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்; கேட்காவிட்டால் இருமல் மருந்தோடு அனுப்பிவிடுகிறார்கள். ஓ.பி. சீட்டில் வெறும் 'இருமல்' என்று எழுத விடாதீர்கள். என்ன வேலை, எந்தப் பகுதி, எத்தனை வருடம் என்று எழுதச் சொல்லுங்கள். நாளை இழப்பீடு கேட்கும்போது இந்த ஒரு வரிதான் பேசும். கேட்ட மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தத் தொழிலாளிகள் கேட் பாஸ், சம்பளச் சீட்டு நகல்களையும் அதோடு சேர்த்து வையுங்கள். ஒப்பந்தக்காரர் மாறுவார், நுரையீரல் அதேதான்.

மறுபடியும் சொல்கிறேன்: தைலத்தைக் குடிக்காதீர்கள். புட்டி பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் இருக்கட்டும், ஓ.பி. சீட்டு கைக்கு எட்டும் ஃபைலில் இருக்கட்டும்.