வீட்டுக்குள் ஒரு கூம்பு

பங்குனி மாதத்தில் கபாலீசுவரர் கோயில் உத்ஸவத்தின்போது மயிலை மாடவீதிகளில் நின்றிருக்கும் நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். சுவாமிக்கு முன்னால் நாகஸ்வரம் வாசித்துக்கொண்டு போகிறவருக்கு மைக் கிடையாது. அப்படியிருந்தும், அவ்வளவு பெரிய கூட்டத்தின் இரைச்சலை ஊடுருவிக்கொண்டு அந்த நாதம் தெருக்கோடி வரையில் போய்ச் சேருகிறது. அதே வீதியில் கம்பத்தில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரும் தெருக்கோடி வரையில் கேட்கத்தான் செய்கிறது. முன்னதைக் கேட்டு நின்றுவிடுகிறோம். பின்னதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறோம். ஆயினும் இரண்டும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை என்று நாம் சொன்னால் வித்வான்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சீவாளியில் பிறக்கும் அதிர்வு மிகச் சிறியது. அது வரவர விரிந்துகொண்டே போகும் குழலின் வழியாக நடந்து, துளைகளிலும் அணசின் வாயிலும் வெளிப்படும்போதுதான் அத்தனை கம்பீரத்தைப் பெறுகிறது. காரணம் எளிது. காற்று மிக லேசான பொருள். சின்னஞ்சிறு தகடு ஒன்று வெட்டவெளியில் அதிர்ந்தால், காற்று அதற்குப் பிடி கொடுக்காமல் பக்கவாட்டில் நழுவிவிடுகிறது; தகட்டின் உழைப்பு வீணாகிறது. குறுகிய தொண்டையும் அகன்ற வாயும் உள்ள கூம்பு ஒன்றை அதன்முன் பொருத்தினால், தொண்டையிலுள்ள காற்று நழுவ இடமில்லாமல் அந்த அதிர்வை அப்படியே வாங்கிக்கொண்டு, சிறிது சிறிதாகப் பெரிய பரப்பில் ஒப்படைக்கிறது. வயலின் அக்கரையிலிருப்பவனைக் கூப்பிடும் குடியானவன் இரு கைகளையும் வாயருகில் குவித்துக்கொள்வது இந்தச் சாஸ்திரத்தைப் படித்துவிட்டு அல்ல.

வீட்டுச் சங்கீதத்துக்குக் கூம்பு புதிய விருந்தாளியும் அல்ல. கிராமபோன் பெட்டியின் தலையில் பூத்திருந்த பெரிய பித்தளைப் புஷ்பத்தைப் பாட்டனார் வீட்டுப் புகைப்படங்களில் பலரும் பார்த்திருக்கலாம். மின்சாரமே இல்லாத அந்த யந்திரத்தில் ஊசியின் நடுக்கத்தைப் பாட்டாக ஆக்கியது அந்தக் கூம்புதான். சென்னையில் ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் 1924-ல் ரேடியோ கிளப் ஆரம்பித்து ஒலிபரப்பிய காலத்தில் ரேடியோ செட்டுகளுக்கும் கூம்பு வாயே வழக்கம். அந்தக் கிளப் 1927-ல் நின்றுபோயிற்று. 1930-ல் சென்னைக் கார்ப்பரேஷன் ஒலிபரப்பை மேற்கொண்டு, கடற்கரை முதலிய பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்து ஜனங்கள் கேட்கச் சௌகரியம் செய்தது. 1938-ல் அகில இந்திய ரேடியோ வந்து அந்தப் பொறுப்பை ஏற்றது.

இதற்கிடையில் 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர், கூம்பே இல்லாமல் காகிதச் சவ்வைக் காந்தத்தால் நேரே அசைத்துப் பாடவைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். சிறிய பெட்டிக்குள் அடங்கும், விலையும் மலிவு என்றால் கேட்பானேன்? ஆம்பிளிபயர்களின் சக்தி வளர வளர, கூம்பு வீட்டைவிட்டு வெளியேறிற்று. சினிமாக் கொட்டகையின் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. பாக்கி தெருக்கம்பத்தில் ஏறிற்று. திரைக்குப் பின்னால் இருந்ததை நாம் கண்ணால் பார்க்கவில்லை. கம்பத்தில் ஏறியதைத்தான் பார்த்தோம், கேட்டோம், சபித்தோம். ‘கூம்பு’ என்றாலே தமிழ்க் குடும்பங்கள் நடுங்குவதற்கு இதுவே காரணம். கூம்பு வடிவ ஒலிபெருக்கி கட்டக் கூடாதென்று காவல் துறையார் விடுக்கும் அறிவிப்புகளைப் பத்திரிகையில் படித்துப் பலர் சந்தோஷப்படுகிறார்கள். நாமும் அந்தக் கட்சிதான்.

அப்படியானால் வீட்டுக்குள் எதற்கு என்று கேட்கலாம். மெதுவாகக் கேட்பதற்கு என்பதே நம் பதில்.

தியாகராய நகரிலும் அடையாற்றிலும் முற்றம் வைத்த வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. நம் வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுச் சுவர். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கின்றன. ஒரு காலத்தில் மார்கழிக் கச்சேரிகளில் முதல் வரிசையில் உட்கார்ந்த பெரியவர்கள் இன்று மாடிப்படி இறங்க முடியாமல் ஹாலில் சாய்வு நாற்காலியோடு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாட்டின் எழுத்தும் கமகமும் தெளிவாகக் கேட்க வேண்டும். பரீக்ஷைக்குப் படிக்கும் அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கேட்கக் கூடாது. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரைச் சிறு ஒலியில் வைத்தால் பாட்டு சோர்ந்து, பின்னால் போய் நின்றுகொள்கிறது. ஒலியைக் கூட்டினால் சுவருக்கு அப்பால் மிருதங்கத்தின் தொப்பி மட்டும் இடிக்கிறது. நல்ல கூம்பு இந்தச் சங்கடத்தைப் பெரும்பாலும் தீர்க்கிறது. இம்மியளவு அசைவிலேயே அதற்கு வேலை முடிந்துவிடுவதால், மெல்லிய ஒலியிலும் சொல் சிதைவதில்லை.

கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு வாட் சக்தி கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் சாதாரண ஸ்பீக்கர் 87 டெசிபல் அளவில் பாடும். கூம்பு 104 டெசிபல் அளவுக்குப் போகும். பத்து டெசிபல் என்றால் சக்தியில் பத்து மடங்கு. ஆகவே மற்றதற்கு 50 வாட் வேண்டிய இடத்தில் இதற்கு ஒரு வாட் போதும். இதில் ஒரு கெடுதலும் உண்டு. பாட்டைப் பெரிதாக்கும் கூம்பு, ஆம்பிளிபயரின் சீறலையும் உறுமலையும் அதே தாராளத்துடன் பெரிதாக்கிக் காட்டும். எனவே 200 வாட் என்று மார்தட்டும் ஆம்பிளிபயரைவிட, பத்து வாட் கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த ஆம்பிளிபயரே மேல்.

வாங்கப் போகுமுன் பார்க்க வேண்டியது கடையை அல்ல, வீட்டின் மூலையை. கூம்பு எவ்வளவு தாழ்ந்த ஸ்வரத்தைத் தாங்க வேண்டுமோ அவ்வளவு பெரிய வாய் அதற்கு வேண்டும். வாயின் சுற்றளவு ஏறக்குறைய ஒலியின் அலைநீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டுமென்பது பழைய விதி. சென்னை வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் அலை எட்டே முக்கால் மீட்டர். அதற்கேற்ற வட்ட வாயின் குறுக்களவு ஒன்பது அடிக்கு மேல். அதை வைத்தால் ஹாலில் மனிதர்களுக்கு இடமில்லை! பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கர் இதற்கு அழகான யுக்தி கண்டார். மடித்த மரக் கூம்பை அறையின் மூலையில் சேர்த்து நிறுத்தினால் இரண்டு சுவர்களும் தரையுமே கூம்பின் தொடர்ச்சியாகிவிடுகின்றன. எட்டில் ஒரு பங்கு வாய் போதும். 1946-ல் அவர் செய்யத் தொடங்கிய ‘கிளிப்ஷ்ஹார்ன்’ இன்றும் விற்பனையாகிறது.

ஆனால் நம்மூர் ஹாலில் காலியான மூலை இரண்டு, அதுவும் ஒரே சுவரின் இரு கோடிகளில், யாருக்கு இருக்கிறது? ஒன்றில் பால்கனிக் கதவு. இன்னொன்றில் பூஜை அலமாரி. பூஜை அலமாரியை நகர்த்தச் சொல்லி வீட்டில் கலகம் மூட்ட நாம் தயாரில்லை. தவிர, நம் சங்கீதத்துக்கு 40 ஹெர்ட்ஸ் அவசியமும் இல்லை. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண்குரலின் ஆதார ஷட்ஜம் சுமார் 130 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தரத் தந்தி 65. அந்த எல்லை வரையில் வந்துவிட்டால் கச்சேரி முழுதும் வந்துவிட்டது. ஆகவே தாழ்ந்த ஸ்வரங்களுக்கு 12 அல்லது 15 அங்குலக் காகித ஸ்பீக்கர் பெட்டி, அதற்கு மேல் ஒரு கூம்பு என்ற கலப்பு ஏற்பாடே அடுக்குமாடிக் குடும்பங்களுக்குச் சரி என்பது நம் அபிப்பிராயம். ஆர்கன் வாத்தியம் கேட்பவர்கள் வேறுவிதமாக நினைக்கலாம்.

இந்தக் கலப்பில் ஒரே கேள்விதான் முக்கியம்: ஸ்பீக்கர் தன் வேலையைக் கூம்பிடம் எந்த இடத்தில் ஒப்படைக்கிறது? இதைச் செய்யும் உறுப்புக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். இரண்டு அங்குல அகலமுள்ள குட்டிக் கூம்பை வைத்து 3000 ஹெர்ட்ஸில் ஒப்படைத்தால், பாடகரின் குரல் முக்கால்வாசி கீழேயே நின்றுவிடும். ‘கூம்பு’ என்ற பெயர்தான் மிச்சம். 1500-ல் வெட்டினால் குரல் நடுவில் இரண்டாகப் பிளக்கிறது. 500, 600 ஹெர்ட்ஸ் அளவில் ஒப்படைப்பது உத்தமம். குரலின் உயிர்ப்பகுதி முழுதும் ஒரே வாயிலிருந்து வரும். அதற்கு 400 ஹெர்ட்ஸ் வரை தாங்கும் கூம்பு, அதாவது வாய் குறைந்தது 28 சென்டிமீட்டர் உள்ளது வேண்டும். கடைக்காரரிடம் வாட் எத்தனை என்று கேட்பதைக் காட்டிலும் வாய் எத்தனை அங்குலம், கிராஸ்ஓவர் எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்பதே பிரயோஜனம். ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறதென்று மைக் செட்காரர்களுக்கான குழாயை வாங்கிவந்து ஹாலில் மாட்டுவோரும் உண்டு. அது பேச்சுக்காகவே செய்தது. தம்புராவின் இழையெல்லாம் அதில் தேய்ந்துவிடும்.

இனி, வாங்கியதைத் திருத்தும் வழி. ‘கூம்பு கத்துகிறது’ என்ற புகாரில் பெரும்பகுதி கூம்பின் குற்றமல்ல. கீழேயுள்ள ஸ்பீக்கர் 95 டெசிபலில் பாட, மேலேயுள்ள கூம்பு 105-ல் பாடினால் கத்தத்தானே செய்யும்? இடையில் தகுந்த ரெஸிஸ்டர்களை இட்டுக் கூம்பைப் பத்து டெசிபல் அடக்க வேண்டும். காதால் கேட்டுக்கொண்டே அரை டெசிபல், ஒரு டெசிபலாகக் குறைத்து, ‘ஸ’காரம் சீறுவது நிற்கும் இடத்தில் விட்டுவிடலாம். இதற்குச் சில நூறு ரூபாய்தான் செலவு. பொறுமை மட்டும் ஒரு வாரம் வேண்டும்.

உலோகக் கூம்பானால் விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கோயில் மணிபோல ஒலித்தால், அந்த மணி ஒவ்வொரு பாட்டிலும் சேர்ந்து பாடும். வெளிப்புறத்தில் ப்யூட்டைல் பட்டை அல்லது தார் கலந்த அட்டையை ஒட்டினால் ‘டொக்’ என்று அடங்கும். வாயின் ஓரத்தில் திடீரென்று முடியும் விளிம்பிலிருந்து ஒலியில் ஒரு பங்கு திரும்பி உள்ளே ஓடுகிறது. விளிம்பைச் சுற்றி கம்பளி நமுதா ஒட்டினால் அதுவும் குறையும். பழைய பெட்டி என்றால் கிராஸ்ஓவரிலுள்ள மின்தேக்கிகள் உலர்ந்திருக்கும். அவற்றை மாற்றாமல் வேறெதைச் செய்தும் பயனில்லை.

கூம்பின் சவ்வு அதன் பின்கோடியில் இருப்பதையும் மறக்கக் கூடாது. கூம்பு 35 சென்டிமீட்டர் நீளமானால் அதன் ஒலி, முன்னாலுள்ள ஸ்பீக்கரின் ஒலியைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி தாமதமாக வருகிறது. இது அற்பமாகத் தோன்றலாம். இருவரும் சந்திக்கும் ஸ்வரத்தில் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ள இதுவே போதும். கூம்பு தனியாகப் பெட்டியின்மேல் நிற்பதாக இருந்தால் அதை முன்னே தள்ளி இரண்டு சவ்வுகளையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவரலாம். முடியாவிட்டால் இப்போது கிடைக்கும் டிஜிட்டல் கருவிகள் ஸ்பீக்கரை அந்த அளவு காக்கவைக்கும்.

ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டும் என்பது சரி. 1931-ல் இங்கிலாந்தில் ஆலன் ப்ளம்லைன் அதற்கு உரிமைப் பத்திரம் கோரியது முதல் உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் வீணை தனம்மாளின் 1932-ஆம் வருஷத்து இசைத்தட்டுகளும், பழைய வானொலிக் கச்சேரிகளில் பெரும்பாலானவையும் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அவற்றைத்தான் அதிகம் கேட்பது என்று இருக்கும் வீட்டில் முதலில் ஒன்றை மட்டும் வாங்கிச் சீர்செய்து, பணம் சேர்ந்தபின் ஜோடியை வாங்குவதில் அகௌரவம் ஒன்றுமில்லை. ஜோடி வந்ததும் இரண்டையும் நாற்காலியை நோக்கிச் சற்றே திருப்பி வைக்க வேண்டும். கூம்பு தன் ஒலியை டார்ச் விளக்குபோல முன்னால்தான் வீசும். பளிங்குத் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள ஹாலில் ஒரு ஜமக்காளமும் புத்தக அலமாரியும் செய்யும் உபகாரத்தை விலை உயர்ந்த கம்பிகள் செய்யா.

பெசன்ட் நகர், அடையாறு வாசிகளுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. உப்புக் காற்று மின்முனைகளைப் பச்சை பூக்கச் செய்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். மரத்தூள் பலகைப் பெட்டி ஐப்பசி மழைக்கே ஊதிவிடும், ஒட்டுப்பலகை தேவலை. கேட்காத நேரத்தில் கூம்பின் வாயை மெல்லிய மல் துணியால் மூடி வைக்கவும். தூசிக்காக மட்டுமல்ல, அந்த இருண்ட தொண்டையைப் பார்த்த பல்லி வேறு வீடு தேடாது.