சுட்ட ரவை எங்கே போகிறது?

ஏப்ரல் பிறந்தால் கொடைக்கானலில் சம்மர் கேம்ப்களுக்குக் குறைவில்லை. கூடாரம், கயிற்றுப் பாலம், மலையேற்றம் எல்லாம் பழசாகிவிட்டதால் சில முகாம்களில் இப்போது வில்வித்தையும் ஏர் ரைஃபிளும் சேர்ந்திருக்கின்றன. பெற்றோருக்கும் தயக்கம் விட்டுப்போச்சு. 2024-ல் பாரிஸில் நமக்குக் கிடைத்த ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலில் வந்தவை அல்லவா?

வரவேற்க வேண்டிய விஷயம்தான். ஓடியாடித் தீராத பிள்ளையை ஓரிடத்தில் மூச்சடக்கி நிற்கவைக்கும் விளையாட்டு இதைவிட வேறு இருப்பதாகத் தெரியவில்லை. துப்பாக்கியைப் பிள்ளைகள் கண்ணிலேயே காட்டக் கூடாது என்பவர்களும் உண்டு. அவர்கள் கவலை புரிகிறது. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் பலூன் சுடாமல் வளர்ந்த பிள்ளை எத்தனை பேர்?

உண்மையில் நம் பிள்ளைகளின் முதல் துப்பாக்கிப் பள்ளி அந்தப் பலூன் கடைதான். கடைக்காரர் குழலை மடக்கி, ரவையைக் கட்டைவிரலால் அமுக்கி, டக்கென்று நிமிர்த்திக் கொடுப்பார். பையன் வாங்கும்போதே ஆள்காட்டி விரல் விசையில் இருக்கும். “எந்தக் கலருப்பா சுடட்டும்?” என்று அப்பாவைக் கேட்கத் திரும்புவான். அவனோடு குழலும் திரும்பும், பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருக்கும் தங்கச்சி வயிற்றுக்கு நேராக. யாரும் பதறுவதில்லை. கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது. பலூனுக்குப் பின்னால் இருப்பது துணியா தகரமா என்று யாரும் பார்ப்பதில்லை. கெட்டியான பரப்பில் பட்ட ரவை வந்த வழியே திரும்பும் என்பதும் அங்கே யாருக்கும் நினைவிருப்பதில்லை.

குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர்கன்னுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. லைசென்ஸ் வேண்டாத பொருள் பொம்மை என்று ஒரு நினைப்பு நமக்கு. போட்டி ஏர் ரைஃபிளிலிருந்து ரவை நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. கண் போவதற்கு அது தாராளமாகப் போதும்.

முறையாகச் சொல்லிக்கொடுப்பவர் முதல் சில வகுப்புகளுக்கு ரவையையே கண்ணில் காட்டமாட்டார். எப்படி நிற்பது, குழல் எந்நேரமும் இலக்குப் பக்கமே இருப்பது, சுடும் நொடி வரை விரலை விசைக்கு வெளியே நீட்டி வைப்பது, பிறகு வெறும் துப்பாக்கியில் விசையை இழுத்துப் பழகுவது என்று நாட்கள் போகும். சுடாத நேரத்தில் குழலுக்குள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு நைலான் இழை செருகியிருக்கும். உள்ளே ரவை இல்லை என்பதற்கு அது சாட்சி. லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட் என்று நான்கு கட்டளைகள்தான். ‘ஸ்டாப்’ என்றால் பாதி மூச்சில் இருந்தாலும் விரல் வெளியே வந்துவிட வேண்டும். கடைசித் துப்பாக்கியும் காலியாகிக் கீழே இறங்கும் வரை யாரும் கோட்டைத் தாண்டி அட்டையை எடுக்கப் போகக் கூடாது. என்.சி.சி.யில் .22 ரைஃபிள் பிடித்தவர்களுக்கு இந்த ஒழுங்கு இன்றும் மறந்திருக்காது. ஹவில்தாரின் குரல் அப்படி.

எடையும் ஒரு பிரச்சினை. ஒலிம்பிக் விதிப்படி ஏர் ரைஃபிள் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளை அதைத் தூக்கி நின்றால் இடுப்பு பின்னால் வளைந்துவிடும். தாங்கி வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

மலையில் இன்னும் இரண்டு சேர்த்தி. ஒன்று மூடுபனி. ஏழாயிரம் அடி உயரத்தில் மதியம் மூன்று மணிக்குப் பளிச்சென்று தெரிந்த இலக்கு மூன்றேகாலுக்குக் காணாமல் போகும். இலக்குக்குப் பின்னாலிருக்கும் மண்மேடு கண்ணுக்குத் தெரியாவிட்டால் அன்றைய சுடுதல் முடிந்தது, காசு கட்டியவர் எவ்வளவு முணுமுணுத்தாலும் சரி. இரண்டாவது பள்ளத்தாக்கு. எதிரே வெறும் பள்ளம்தானே என்று விளிம்பில் இலக்கை நடுவது ஆபத்து. பழனி மலையில் வெறும் பள்ளம் என்று ஒன்று கிடையாது. கீழே காபித் தோட்டத்தில் ஆள் நிற்கும், தேன் எடுக்கப் போகும் பளியர் பாதை போகும், காட்டுமாடு மேயும். குறி தப்பிய ரவை சில நூறு மீட்டர் போகக்கூடியது.

இவ்வளவையும் கவனிக்கிற முகாம்கூட ஒன்றைக் கோட்டை விடுகிறது. என் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்: காரீயம்.

ரவை என்பது பெரும்பாலும் காரீயம். ஒன்றின் எடை சுமார் அரை கிராம். ஒரு முகாமில் நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு இருபது ரவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நானூறு கிராம். சீசனுக்குப் பத்து முகாம் என்றால் நான்கு கிலோ. ரவையைப் பிடிக்கும் பெட்டி இல்லாத இடத்தில் அத்தனையும் புல்லிலும் மண்ணிலும். கொடைக்கானல் மண் புளிப்பு மண். அதில் ஈயம் சீக்கிரம் கரையும். ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் வெள்ளி அருவியாக விழுகிறது என்பது சுற்றுலா வந்தவருக்கும் தெரியும். மேலே கொட்டியது மேலேயே இருக்காது. தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தால் ஒருமுறை சூடுபட்ட ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பறவைகள் கதை வேறு. செரிமானத்துக்குப் பொடிக்கல் பொறுக்கும் புறா இனங்கள் ஈயக் குண்டையும் கல்லென்று விழுங்கும். சோலைக்காட்டில் நீலகிரி காட்டுப்புறா ஏற்கெனவே அருகிக் கிடக்கிறது. 2013-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டின் ஓரத்தில் இலக்கை நடுகிறவர்கள் இதை யோசித்தார்களா?

பிள்ளைகளுக்கு வருவோம். ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வயிற்றுக்குள் போன ஈயத்தைச் சிறு பிள்ளையின் உடல் பெரியவரைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். பாதிக்கப்படுவது மூளை. அதனால்தானே பெட்ரோலிலிருந்தே அதைத் துரத்தினோம்? இங்கே ரவையை எண்ணி எடுத்த விரல் நேராக மிளகாய் பஜ்ஜித் தட்டுக்குப் போகிறது. சில பிள்ளைகள் அடுத்த ரவையை உதட்டில் கவ்விக்கொண்டு நிற்கும். கை கழுவச் சொன்னால் கழுவுவதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி, யார்தான் கழுவுவார்?

பத்து வயதுக்குக் கீழே லேசர் துப்பாக்கியே போதும் என்பேன். ஒலிம்பிக்கின் நவீன பென்டத்லானிலேயே 2012 லண்டனிலிருந்து லேசர்தான். ரவையும் வேண்டாம், ஈயமும் வேண்டாம், ‘ஸ்டாப்’புக்கு விரலை எடுக்கும் பழக்கம் மட்டும் அப்படியே வந்துவிடும். பெரிய பிள்ளைகளுக்கு வெள்ளீய ரவை கிடைக்கிறது. விலை கூடுதல், உண்மை.

அதுவும் முடியாதென்றால் முகாமில் சேர்க்கும்போது மூன்றே விஷயம் கேளுங்கள். கண்ணாடி எல்லோருக்கும் உண்டா, சுடாமல் நிற்பவருக்கும் சேர்த்து? இலக்குக்குப் பின்னால் பெட்டி இருக்கிறதா? சுடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி வெந்நீரும் சோப்பும் இருக்கிறதா? குளிக்க வெந்நீர் உண்டென்று விளம்பரம் செய்கிற விடுதிக்கு ஒரு வாளி சுமையே இல்லை. பெட்டிக்குச் செலவாகும் என்று யாராவது இழுத்தால், அதில் சேரும் காரீயத்தைக் காயலான் கடையில் எடைக்குப் போடலாம் என்று சொல்லுங்கள். இரும்பைவிட நல்ல விலை.