எமது மலையின் வயது

மஸ்கெலியாவில் தேயிலைச் செடிகளுக்கிடையே தலைநீட்டும் கரும்பாறைகளை நாம் அன்றாடம் காண்கிறோம். இவை எரிமலை கக்கியவை அல்ல. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பழைய பாறைகள் உருமாறிப் பிறந்தவை. இம்மாற்றம் நிகழ்ந்து ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பின்னர் இலங்கை, இந்தியா, ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா ஆகியவை கொண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இருந்து பிரிந்தன.

20 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் உருவான பாறை இன்று எமது காலடியில் இருப்பது எப்படி? நிலம் மெல்ல மெல்ல உயர்ந்தது. மேலிருந்த பாறைகளை மழையும் ஆறுகளும் அரித்துச் சென்றன. 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலை அவ்வரிப்புக்குத் தப்பி எஞ்சிய பகுதியாகும்.

அரிப்பு இன்றும் ஓயவில்லை. பாறை உக்கி ஓர் அங்குல மண்ணாவதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் செல்லும். 19ஆம் நூற்றாண்டில் காட்டை அழித்துத் தோட்டங்கள் அமைத்தபோது அம்மண் காப்பிழந்தது. பெருமழை நீர் உட்புகுந்தால், பாறையின் மேலுள்ள தளர்ந்த மண் பாரமாகிச் சரிகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் இவ்வாறே புதையுண்டன.

ஆகவே கான்களை அடைபடாமல் வைத்திருப்போம். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கிவரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் மழை விடும்வரை காத்திராது உடனே வெளியேறுவோம். கிராம உத்தியோகத்தருக்கும் அறிவிப்போம்.