வளைவுக்கு முன்பே மிதிக்க வேண்டிய பிரேக்

தெல்தோட்டையில் பிறந்தவர்களுக்கு வளைவுகள் புதிதல்ல. கண்டிக்குப் போவதென்றால் பெரும்பாலும் கலஹா வழியாகப் பேராதனைக்கு இறங்குவோம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், இடையில் இரண்டு வாகனங்கள் ஒதுங்கி விலகும் அளவுக்கு ஒரு பாதை. எமக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று படித்திருக்கிறோம். மலையகப் பாதைகளுள் பல அந்தக் கோப்பி, தேயிலைக் காலத்தில் தோட்டங்களுக்காக மலைச்சரிவை வெட்டி அமைக்கப்பட்டவை. மாட்டு வண்டியின் வேகத்துக்குப் போதுமாயிருந்த வளைவுகளில் இன்று பஸ்களும் லொறிகளும் ஓடுகின்றன.

கடந்த ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. பின்னேரம் கண்டியில் எனக்குப் பௌதிகவியல் வகுப்பு. நாலைந்து நாள் வெயிலுக்குப் பின் அப்போதுதான் மழை தூறத் தொடங்கியிருந்தது. வாப்பாவின் டொல்பின் வேனில் முன் ஆசனத்தில் நான். பின்னால் அயல்வீட்டுப் பிள்ளைகள் மூவர். நேரம் பிந்திவிட்டது. “வாப்பா, கொஞ்சம் கெதியாப் போங்களேன்” என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொன்னபோது வாப்பா வேகத்தைக் கூட்டினார்.

கலஹாவைத் தாண்டி இறங்கும் ஒரு வளைவில், எதிரே திடீரென ஒரு லொறி. வாப்பா பிரேக்கை மிதித்தார். வேனின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கிச் சரிந்தது. பின்னால் இருந்த பிள்ளை ஒன்று வீரிட்டது. வாப்பா பிரேக்கிலிருந்து காலை எடுத்து, சரிந்த பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினார். வேன் நேரானது, லொறி உரசாமல் கடந்தது. பாதையோரக் கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் நாம் நின்றோம். அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சற்று நேரம் கழித்து வாப்பா சொன்னார்: “மகள், வளைவுக்குள்ள வந்து பிரேக்கத் தேடக் கூடாது. அத முந்தியே மிதிக்கோணும். நீங்க சொன்னதுக்காக வேகத்தக் கூட்டினது என்ட பிழை.” பிழை யாருடையது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்றிரவு உராய்வுப் பாடக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு டயர் பாதையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். அவ்வாறான நான்கு உள்ளங்கைகள்தான் முழு வேனையும் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தப் பிடி எவ்வளவு என்பதை உராய்வுக் குணகம் சொல்லும். உலர்ந்த தார்ப் பாதையில் அது ஏறத்தாழ 0.7, நனைந்த பாதையில் ஏறத்தாழ 0.4, பனிக்கட்டி படர்ந்த பாதையில் ஏறத்தாழ 0.1.

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் என்பது செக்கனுக்கு 11 மீற்றர். ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு செக்கன் எடுத்தால், அதற்குள்ளேயே 11 மீற்றர் போய்விடும். அதன் பின்னர் சமதரையில் வாகனம் நிற்க உலர்ந்த பாதையில் 9 மீற்றர், நனைந்த பாதையில் 16 மீற்றர், பனிக்கட்டிப் பாதையில் 63 மீற்றர் தேவை. ஒரு நல்ல செய்தியும் இந்தக் கணக்கில் உண்டு. நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. வேகத்தை 20 ஆகப் பாதியாக்கினால் நனைந்த பாதையின் 16 மீற்றர் 4 மீற்றராகக் குறைந்துவிடும்.

பனிக்கட்டிப் பாதை எமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் புல்லிலும் தேயிலைக் கொழுந்திலும் துகள் பனி படர்வதோடு எமது நாட்டின் பனி முடிந்துவிடுகிறது. ஆனால், தெல்தோட்டைப் பாதையில் வாகனம் ஓட்டிப் பழகிய என் மாமா இப்போது கனடாவில் இருக்கிறார். அன்றிரவு தொலைபேசியில் விடயத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. முதல் பனிக்காலத்தில் வெறுமையாக இருந்த வாகனத் தரிப்பிடம் ஒன்றில் சறுக்கிச் சறுக்கிப் பழகிய பின்புதான் வீதிக்கு இறங்கினாராம். அங்கே சில வேளைகளில் பனிக்கட்டி கண்ணாடி போலப் படர்ந்து, வெறும் ஈரத் தார் போலவே தோன்றுமாம். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் பூட்டுவது சட்டம். சாதாரண டயரின் இறப்பர் கடுங்குளிரில் இறுகிப் பிடியை இழந்துவிடும். பனிக்கால டயர் மென்மையாகவே இருக்கும்.

“உங்கட மழையும் எங்கட பனியும் ஒரே பாடத்தத்தான் படிப்பிக்குது. பனி வாத்தியார் கொஞ்சம் கடுமையானவர், அவ்வளவுதான்” என்றார் மாமா.

அவர் சொன்னதை எமது சரிவுக்குப் பொருத்திப் பார்த்தேன். 10 மீற்றருக்கு 1 மீற்றர் இறங்கும் சரிவில், புவியீர்ப்பு வாகனத்தைக் கீழே இழுக்கிறது. பிரேக்கின் பலனில் ஒரு பகுதி அந்த இழுப்பை எதிர்க்கவே செலவாகிறது. நனைந்த சரிவில் 16 மீற்றர் 21 மீற்றராகிறது. பனிக்கட்டிச் சரிவிலோ விடையே வரவில்லை: இழுப்பும் பிடியும் சமமாகி, பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் வேகம் குறையாது. பனி நாட்டுச் சாரதிகள் ஏன் இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

வளைவுக்கும் இதே பிடிதான் வேண்டும். 15 மீற்றர் ஆரையுள்ள ஒரு வளைவில் உலர்ந்த பாதையென்றால் ஏறத்தாழ 36 கிலோமீற்றர் வேகம் வரை டயர் தாங்கும், நனைந்தால் 27, பனிக்கட்டியென்றால் 13. ஆனால் இது பிரேக்கை மிதிக்காமல் திரும்பினால் மட்டுமே. டயரின் பிடி ஒரு வீட்டின் மாதச் சம்பளம் போன்றது. அதிலேயே அரிசியும் வாங்க வேண்டும், வகுப்புக் காசும் கட்ட வேண்டும். முழுவதையும் பிரேக்குக்குச் செலவழித்தால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அன்று எமக்கு நடந்தது அதுதான். அதிலும் வெயில் நாட்களில் படிந்த எண்ணெயும் தூசும் முதல் தூறலில் கரைந்து சவர்க்காரம் போல வழுக்கும். பலத்த மழை அவற்றைக் கழுவிச் செல்லும். முதல் சில நிமிடங்கள்தான் மிக ஆபத்தானவை.

வாப்பாவிடமும் மாமாவிடமும் கேட்டு அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேராக இருக்கும்போதே பிரேக்கை மிதித்து, குறைந்த வேகத்தில் வளைவுக்குள் நுழைய வேண்டும். மேட்டில் எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். நெடுக பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் அது சூடேறிப் பலனிழக்கும். பின்பக்கம் சரிந்தால் பிரேக்கை விட்டு, சரியும் பக்கமே அளவாகத் திருப்ப வேண்டும். பள்ளத்தைப் பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். சில்லு இறுகிவிட்டால் ஸ்டியரிங் பயன் தராது, ஏ.பி.எஸ். இல்லாத வாகனத்தில் பிரேக்கைத் தளர்த்தி மீண்டும் மிதிக்க வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள வாகனத்தில் கால் அதிர்ந்தாலும் விடாமல் அழுத்த வேண்டும். மூடுபனியில் விளக்கைத் தாழ்த்த வேண்டும். உயர்த்தினால் ஒளி பனியில் பட்டு எம் கண்ணுக்கே திரும்பும்.

மலையகம் இதற்குக் கொடுத்த விலை சிறிதல்ல. 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதல்லயில் பாடசாலை மாணவர்கள் சென்ற பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் சிக்கிய விபத்தில் 7 பேர் உயிரிழந்தனர். 2025 மே 11 ஆம் திகதி அதிகாலை கொத்மலை கெரண்டிஎல்லவில் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் எமது சரிவுகள் ஒரு பிழையைத் திருத்த இரண்டாம் சந்தர்ப்பம் தருவது அரிது.

எங்களில் பெரும்பாலோர் இன்னும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் தினமும் வேனிலும் பஸ்ஸிலும் பயணிப்பவர்கள். “கெதியாப் போங்க” என்ற எமது ஒரு சொல், சாரதியின் காலை அக்சிலரேட்டரில் அழுத்துகிறது. பெற்றோரே, பிள்ளையைப் பத்து நிமிடம் முன்னதாக அனுப்பிவையுங்கள். வேன் சாரதியிடம் கட்டணத்தைப் பேசும்போது டயரின் தேய்வையும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். அவர் மழையில் மெதுவாக வந்து பிந்தினால் முகம் சுளிக்காதீர்கள்.

இப்போதெல்லாம் வாப்பா பிஸ்மில்லாஹ் சொல்லி வேனில் ஏறும் முன், நான் நான்கு டயர்களையும் சுற்றிப் பார்க்கிறேன். கலஹா வளைவு நெருங்கும்போது அவரது கால் முன்கூட்டியே பிரேக்குக்குப் போகிறது. அடுத்த வருடம் எனக்குப் பதினெட்டு வயது. சாரதிப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். “முதல்ல எந்த ரோட்டுல பழக்குவீங்க?” என்று கேட்டேன். “நல்லா மழை பெஞ்ச நாளில, வெறும் மைதானத்துல” என்றார் வாப்பா.