கடாரத்தில் மூன்று நாள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் பேச்சு மூன்று இடங்களைத்தான் சுற்றி வரும்: கெந்திங், கேமரன் மலை, லங்காவி. கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஹட்யாய். நெடுஞ்சாலை நெரிசலில் அரை நாள், ஹோட்டல் அறையில் ஒரு நாள், பேரங்காடியில் ஒரு நாள். திரும்பி வந்து பார்த்தால் உடம்பில் அலுப்பும் கிரெடிட் கார்டில் கடனும்தான் மிச்சம்.

‘பசுமைச் சுற்றுலா’ என்ற பெயர்ப்பலகையை நம்பிப் போனாலும் சில இடங்களில் ஏமாற்றம்தான். லங்காவி 2007இல் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா ஆனது. தென்கிழக்காசியாவில் அந்தப் பெருமை பெற்ற முதல் இடம் அது. ஆனால் அங்கேயே, பயணிகள் படம் பிடிப்பதற்காகப் படகிலிருந்து கோழித்தோலை வீசிக் கழுகுகளை வரவழைக்கும் பழக்கமும் வளர்ந்தது. தானாக வேட்டையாட வேண்டிய பறவையை இப்படிப் பழக்குவது அதற்கு நல்லதல்ல என்று இயற்கை ஆர்வலர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

அதே கெடா மாநிலத்தில், தீவுக்குப் போகாமல், மூன்று நாள்களை வேறு விதமாகக் கழிக்கலாம். காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். மின்ரயிலில் ஏறினால் நான்கைந்து மணி நேரத்தில் சுங்கைப்பட்டாணி. பட்டர்வொர்த்திலிருந்து வருபவர்களுக்குப் பாடாங் பெசார் வரை போகும் கொமுட்டர் ரயில் இருக்கிறது. நிலையத்திலிருந்து கிராப் வண்டி, இல்லையென்றால் உள்ளூர் உறவினரின் வண்டி. ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலும் ஓர் அடுக்குச் சட்டியும் கையில் இருந்தால் பிளாஸ்டிக் குப்பை பாதி குறைந்துவிடும்.

முதல் நாள் பூஜாங் பள்ளத்தாக்கு. சுங்கைப்பட்டாணியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், மெர்போக்கில், தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வளாகத்தில் ஓடையோரமாக நிற்பதுதான் புக்கிட் பத்து பஹாட் சண்டி. கருங்கல் அடித்தளமும் தூண் நின்ற கற்களும் மட்டுமே மீந்திருக்கின்றன. மரத்தூணும் கூரையும் காலத்தில் கரைந்துவிட்டன. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் இங்கே அகழாய்வு செய்தார். 1960 வாக்கில் அலஸ்டர் லேம்ப் குழுவினர் இந்தக் கோயிலைச் சீரமைத்தார்கள். 1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்து வென்ற கடாரம் இந்த வட்டாரம்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்து போகும் ‘கடாரம் கொண்டான்’ என்ற பட்டம், அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு வேறாகத்தான் புரியும். பீடோங் போகும் வழியில் சுங்கை பத்து இருக்கிறது. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் அங்கே தோண்டியதில் இரும்பு உருக்கிய இடங்களும் பழைய படகுத்துறையும் வெளிப்பட்டன.

அதே சுங்கை பத்துவில்தான் ஒரு கசப்பான செய்தியும் இருக்கிறது. 11ஆம் எண் சண்டி எனப்பட்ட பழைய கோயிலின் எச்சம், நில மேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்டது 2013 கடைசியில் தெரியவந்தது. அது அரசிதழில் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்படவில்லை. போக்குவரத்தே இல்லாத இடத்துக்குக் கேட்பார் இருக்க மாட்டார். நாம் குடும்பத்தோடு போய் வருவதும் ஒரு வகைக் காவல்தான்.

இரண்டாம் நாள் ஆறும் மலையும். பழைய கப்பல்கள் நுழைந்த வாசல் மெர்போக் ஆற்று முகத்துவாரம். கடலில் வந்தவர்களுக்கு வழிகாட்டியாக நின்றது 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை. ஆற்றோரம் அடர்ந்திருக்கும் அலையாத்திக் காடு மீனுக்கும் இறாலுக்கும் தொட்டில். சேற்றுக்குள் கரியைப் பூட்டி வைக்கும் பெட்டகமும் அதுதான். முகத்துவாரத்தில் உள்ள மீனவர் ஊரான தஞ்சோங் டாவாயிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் பந்தாய் மெர்டேக்காவுக்குப் பயணிகள் படகு போகிறது. சில நிமிடப் பயணம்தான், ஆனால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அங்கே வாங்கும் கருவாடும் நெத்திலியும் நேரே உள்ளூர்க்காரர் கைக்குக் காசாகப் போகும். மாலையில் மலையடிவாரத்துத் தூப்பா நீர்வீழ்ச்சியில் குளிக்கலாம். மழை பிடித்தால் உடனே கரையேறிவிட வேண்டும்.

மூன்றாம் நாள்தான் முக்கியம். தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டத்துக்குப் போங்கள். முடிந்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். பல தோட்டங்களில் இன்று கித்தா மரம் இல்லை. செம்பனையோ வீடமைப்புப் பகுதியோ நிற்கும். ஆனாலும் கோயில் இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும், பெரட்டுக்களம் இருந்த மூலையைக் காட்டப் பாட்டியால் முடியும். பெரட்டு எத்தனை மணிக்கு? ஒரு நாளைக்கு எத்தனை மரம்? மழை நாளில் சம்பளம் உண்டா? இந்தக் கேள்விகளைப் பேரப்பிள்ளையே கேட்கட்டும், கைப்பேசியில் பதிவு செய்யட்டும்.

இந்த மண்ணுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டத்துத் தமிழர் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். 1947இல் பீடோங் வட்டாரத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராக நின்றது. தோட்டத் துண்டாடலில் தொழிலாளர் தவித்த காலத்தில், துன் சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டமும் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம்தான். மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் கட்டிய பணம் அது.

தோட்டத்துக்குள் போகுமுன் நிர்வாகத்திடமோ கோயில் பொறுப்பாளரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இடிந்து கிடக்கும் லயத்துக்குள் நுழைய வேண்டாம். பசியாற அருகில் இருக்கும் தோட்டத்துக் கடையே போதும்.

இப்படிப்பட்ட விடுமுறைக்கு ரயில் டிக்கெட்டும் சாப்பாட்டுச் செலவும் தவிர பெரிய செலவில்லை. காட்டுக்கும் ஆற்றுக்கும் தொந்தரவு குறைவு. சண்டிக் கல்லை அடுத்த ஆண்டும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பெரட்டுக்களத்தைக் காட்டும் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. முதலில் அவரைக் கேட்டு நாளைக் குறியுங்கள், பிறகு டிக்கெட் எடுங்கள்.