ஹெவி மெட்டல் எங்கே கனக்கிறது?

சென்ற மாதம் படிவம் நான்கு வகுப்பில் தனிம அட்டவணை நடத்திக்கொண்டிருந்தேன். "ஈயம், பாதரசம், காட்மியம் போன்றவற்றைக் கன உலோகங்கள் என்பார்கள். ஆங்கிலத்தில் ஹெவி மெட்டல்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், அது பாட்டுதானே?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவன் விடவில்லை. "அந்தப் பாட்டுல எது சார் கனமா இருக்கு?"

மணி அடித்ததால் தப்பித்தேன். அவன் வீட்டில் இந்த நாளிதழ் வாங்குகிறார்கள் என்று தெரியும். பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

"சத்தம்தான் கனம்" என்று பலர் நினைக்கிறார்கள். பத்தொன்பது வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். திறந்தவெளித் திடலில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சிக்குப் போய், ஆளுயர ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் நின்றேன். இசை நெஞ்சில் இடிக்க வேண்டுமாம்! சுங்கை பாக்காப்பில் வீட்டுக்கு வந்து படுத்தால் இடது காதில் 'ஙீ' என்று ஒரே இரைச்சல். மூன்று நாளில் அது குறைந்தது. முழுதாகப் போகவில்லை. இரவில் காற்றாடியை நிறுத்தினால் இன்றும் கேட்கிறது. நான் அன்று நினைத்தது தவறு என்பதை அறிவியல் ஆசிரியரான பிறகுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

அதை விளக்க, உங்களை 1965ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு அழைத்துப் போகிறேன். கார், உதிரிப் பாகம், உலோகத் தகடு என்று தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். பிறையையும் பத்து காவானையும் நினைத்துக்கொள்ளுங்கள். டோனி அயோமி என்ற 17 வயது இளைஞர் அங்கே ஓர் உலோகத் தகடு ஆலையில் வேலை செய்தார். கித்தார் வாசிப்பவர். இசைக்குழுவோடு வெளியூர் போவதற்காக வேலையை விட்டுவிட்டார். அன்றுதான் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், "இனி போகவில்லை" என்றாராம். "ஒழுங்காகப் போய் வேலையை முடி" என்று அம்மா திருப்பி அனுப்பினார். ஆலையில் ஒருவர் வரவில்லை என்பதால், அயோமிக்குப் பழக்கமில்லாத அழுத்து இயந்திரத்தில் அவரை நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் போயின. (உங்கள் வீட்டிலும் யாராவது ஆலைக்கு வேலைக்குப் போகலாம். பழக்கமில்லாத இயந்திரம் என்ற சொற்களை மறுபடியும் படித்துக்கொள்ளுங்கள்.)

அயோமி இடதுகைக்காரர். வலது கை விரல்களால்தான் கம்பியை அழுத்துவார். எனவே, அவர் இழந்தது கித்தாருக்கு மிகவும் தேவையான விரல்களை. மருத்துவர்கள் கைவிரித்தார்கள். ஆலை மேற்பார்வையாளர் ஒருவர் ஓர் இசைத்தட்டு கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்ற கலைஞருடையது. தீ விபத்தில் இடது கை கருகியபின், பெரும்பாலும் இரண்டே விரல்களால் கம்பியை அழுத்தி வாசித்தவர் அவர். அயோமி நிமிர்ந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி இரண்டு விரல் உறைகள் செய்தார். வழுக்காமல் இருக்கத் தோலை ஒட்டினார். ஆனால் உறை போட்ட விரலுக்குக் கம்பி இருப்பதே தெரியாது. அழுத்தி அழுத்தி வலித்தது. அதனால் மெல்லிய கம்பிகளைத் தேடினார். தொடக்கத்தில் பாஞ்சோ கம்பிகளைக்கூட மாட்டினார். பின்னர் கம்பியின் முறுக்கையே தளர்த்தினார்.

இங்கே உங்கள் இயற்பியல் நூல் உதவிக்கு வருகிறது. ஒரு கம்பியின் அதிர்வெண், அதன் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். கித்தாரின் தடித்த கம்பி வழக்கமாக 82.4 ஹெர்ட்ஸில் அதிரும். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' இசைத்தொகுப்பின் சில பாடல்களுக்கு அயோமி மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். அதாவது 69.3 ஹெர்ட்ஸ். 69.3ஐ 82.4ஆல் வகுத்தால் 0.84. அதன் வர்க்கம் ஏறக்குறைய 0.71. அப்படியானால் இழுவிசையில் 29 விழுக்காடு குறைந்துவிட்டது! விரலுக்கு நிம்மதி. கேட்பவருக்கோ அதுவரை கித்தாரில் கேட்டிராத ஆழமான உறுமல். வலிக்கு மருந்தாகச் செய்தது ஒரு பாணியாகிவிட்டது.

அவருடைய குழுவின் பெயர் பிளாக் சப்பாத். அதே ஊர்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு பேர். பாடகர் ஓசி ஆஸ்போர்ன் பார்த்த வேலைகளில் ஒன்று கார் ஹார்ன்களின் ஓசையைச் சரிபார்ப்பது. அந்த இரைச்சலில் நாள் முழுதும் உட்கார்ந்தவர் வேறு எப்படிப் பாடுவார் என்று எனக்குத் தோன்றும். அவர்களின் முதல் தொகுப்பு 13 பிப்ரவரி 1970, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. ஹெவி மெட்டலின் பிறந்த நாள் என்று பலர் குறிப்பது அதைத்தான். லெட் செப்லின், டீப் பர்ப்பிள் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஆனால் வேர் இன்னும் ஆழத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் இருக்கிறது. தெற்கே பருத்திக் காடுகளில் பிறந்த அந்தப் பாட்டு, வேலை தேடி சிக்காகோவுக்குப் போனவர்களோடு வடக்கே போயிற்று. மடி வாட்டர்ஸ் 1943இல் அப்படிப் போனவர். நகரத்து இரைச்சலில் மரக் கித்தார் எடுபடவில்லை. மின் கித்தார் வந்தது. சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுதாகத் திருகினார்கள். அது கரகரத்தது. அந்தக் கரகரப்பு சிலருக்குப் பிடித்துப்போனது.

பிறகு நடந்தது வேடிக்கை. 1958இல் லிங்க் ரே என்பவர் ஒலிபெருக்கியில் பென்சிலால் துளை போட்டார். 'ரம்பிள்' என்ற அவருடைய இசையில் ஒரு சொல்கூட இல்லை. அதையும் சில வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தன. 1964இல் லண்டனின் கிங்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் தம் ஒலிபெருக்கியின் தாள் கூம்பைச் சவர பிளேடால் கீறினார். நம் வீட்டில் செய்திருந்தால் அப்பாவிடம் என்ன கிடைத்திருக்கும்?

அந்தக் கரகரப்பு எப்படி உண்டாகிறது? ஆம்ப்ளிஃபயர் ஓர் அலையை உயரமாக்கித் தரும் கருவி. ஆனால் அதன் மின்னழுத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. தாழ்ந்த கூரையுள்ள கடையில் உயரமானவர் தலை இடிப்பதுபோல, எல்லையைத் தொடும் அலையின் முகடு தட்டையாகிவிடும். வளைந்து நெளிந்த சைன் அலை, ஏறக்குறைய சதுர அலையாக மாறும். எந்தச் சீரான அலையையும் பல சைன் அலைகளின் கூட்டலாகப் பிரிக்கலாம் என்று காட்டினார் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியர். சதுர அலையைப் பிரித்தால் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 3, 5, 7 மடங்குகளும் கிடைக்கும். 82 ஹெர்ட்ஸை உள்ளே அனுப்பினால் 247, 412, 577 எல்லாம் சேர்ந்து வெளியே வருகின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்போம். ஒரு கம்பியை மீட்டினால் ஒரு கூட்டமே பேசுகிறது!

இன்னொரு மந்திரமும் உண்டு. விரல் உறையோடு சிக்கலான கோர்டுகளைப் பிடிப்பது கடினம். அயோமி பெரும்பாலும் இரண்டே சுரங்களைச் சேர்த்து வாசித்தார்: ச, ப. நம் தம்புராவிலும் இந்த இரண்டுதான். இவற்றின் அதிர்வெண் விகிதம் 2:3. கரகரக்கும் ஆம்ப்ளிஃபயருக்குள் இரண்டு அதிர்வெண்கள் போனால், அவற்றின் வித்தியாசமும் புதிய சுரமாகப் பிறக்கும். 82.4உம் 123.5உம் உள்ளே போனால் 41.1 வெளியே வரும். அது ஏறக்குறைய கீழ் ஸ்தாயி ச! யாருமே வாசிக்காத ஒரு சுரம், கித்தாரின் எல்லைக்கும் கீழே இருந்து முழங்குகிறது. நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால் வித்தியாசங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் கஞ்சியாகிவிடும். அதனால்தான் மெட்டல் கித்தார் கலைஞர்கள் ச-ப இணையை விடுவதே இல்லை.

கனம் இங்கேதான் இருக்கிறது. அலையின் வடிவத்தில்.

அச்சமூட்டும் அந்தச் சாயல் எங்கிருந்து வந்தது? குழுவின் பெயரையே கொண்ட முதல் பாட்டு மூன்றே சுரங்களில் நடக்கிறது: ச, மேல் ச, பிறகு பிரதி மத்யமம். ச-வுக்கும் இந்த ம-வுக்கும் உள்ள விகிதம் 1:1.414, அதாவது இரண்டின் வர்க்கமூலம். 2:3 போல எளிய எண்களில் அது அடங்காது. காது அமைதி கொள்ளாமல் தவிக்கும். மேற்கத்தியர் இதற்குப் 'பிசாசு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தேவாலயம் இதைத் தடை செய்ததாக இணையத்தில் உலவும் கதைக்கு ஆதாரம் கிடையாது. நமக்கோ இது பிசாசே அல்ல. கல்யாணி ராகத்தில் வரும் ம இதுதான்! திருமண வீட்டு நாதஸ்வரத்தில் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள். ஒரே இடைவெளி ஓரிடத்தில் நடுக்கம், இன்னோரிடத்தில் மங்கலம்.

கரகரப்பும் நமக்குப் புதிதல்ல. தம்புராவின் குதிரையில், கம்பிக்கு அடியில் ஒரு நூல் வைப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அதற்கு ஜீவா என்று பெயர். கம்பி குதிரையின் வளைந்த பரப்பை உரசி உரசி அதிர, மேற்சுரங்கள் பொங்கி எழும். திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமன், நோபல் பரிசுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1921இல் வீணை, தம்புரா பற்றிய ஆய்வுக் கட்டுரையில் இதை விளக்கினார். கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அங்கே அசையாப் புள்ளி கொண்ட மேற்சுரங்கள் கேட்கக்கூடாது என்பது விதி. தம்புராவில் அவையும் கேட்கின்றன என்றார் அவர். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் முழங்கும் உறுமியும் அதே குடும்பம்தான். இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது அது பிடித்து, வழுக்கி, மறுபடியும் பிடிக்கும். அந்த இழுபறியே உறுமல். உறுமி மேளத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மெட்டல் சட்டென்று பிடித்துப்போவதில் எனக்கு வியப்பில்லை.

இந்த இசை நம் பக்கமும் வந்து வேர்விட்டது. எண்பதுகளில் மலேசியாவில் எழுந்த 'ரோக் காப்பாக்' அலையைப் பற்றி உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். சர்ச் குழுவின் 'இசபெல்லா' (1989) தெரியாதவர் இருக்க மாட்டார்கள். 1992இல் சிங்கப்பூரில் இந்திய வம்சாவளி இளைஞர்கள் ருத்ரா என்ற குழுவைத் தொடங்கினார்கள். சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் முழு மெட்டலில் பாடினார்கள். அந்தப் பாணிக்கு 'வேதிக் மெட்டல்' என்ற பெயரே வந்தது. கேட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

பர்மிங்காமின் நால்வரும் 2025 ஜூலை 5 அன்று தங்கள் சொந்த ஊர் வில்லா பார்க் அரங்கில் கடைசியாக ஒன்றாக மேடையேறினார்கள். ஓசி அதே மாதம் 22ஆம் தேதி காலமானார்.

என் காதுக்கு வருகிறேன். உட்செவியில் சுமார் 15,000 மயிர் உயிரணுக்கள் உள்ளன. அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு விதிமுறைகள்படி, ஆலைத் தொழிலாளர் ஒருவருக்கு ஒரு நாளுக்கான எல்லை 85 டெசிபல், எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாவதால் நேரம் பாதியாகும். கணக்குப் போடுங்கள்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி... 100 டெசிபலில் பதினைந்து நிமிடம். நான் நின்றது இரண்டு மணி நேரம்.

நான் அப்படி நின்றிருக்கவே தேவையில்லை என்பதுதான் என் வருத்தம். கரகரப்பு பதிவு அறையிலேயே அலையில் பதிந்துவிட்டது. கைப்பேசியில் ஒலியளவைக் குறைத்தால் முழு அலையும் சுருங்கும். தட்டையான முகடு தட்டையாகவே இருக்கும், மேற்சுரங்களும் அப்படியே இருக்கும். மென்மையாக ஒலித்தாலும் மெட்டல் மெட்டல்தான்.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 220 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றும் 330 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றும் உருவாக்கி, இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். அதிர்வெண் வரைபடத்தைத் திறந்தால் இரண்டே முகடுகள் தெரியும். இப்போது டிஸ்டார்ஷன் என்ற விளைவைச் சேர்த்துவிட்டு மறுபடியும் வரைபடத்தைப் பாருங்கள். நீங்கள் உருவாக்காத ஒன்று 110இல் நின்றுகொண்டிருக்கும். காதணி ஒலிபெருக்கியை மாட்டுவதற்கு முன் ஒலியளவைக் கால்வாசிக்கு இறக்கிவிடுங்கள்.