வெளிநாட்டில் படித்த டாக்டரும் உள்ளூர் வார்டும்

கம்போங் ராஜாவில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால் எங்கே கொண்டு போவார்கள்? வளைந்து நெளிந்த மலைப்பாதையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி, தானா ராத்தாவில் இருக்கும் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்குத்தான். அந்நேரம் பணியில் இருக்கும் இளம் டாக்டர் மணிப்பாலில் படித்தவராக இருக்கலாம். மாஸ்கோவிலோ பாண்டுங்கிலோ படித்தவராகவும் இருக்கலாம். பக்கத்தில் நிற்கும் மிஸ்ஸியோடும் உதவி மருத்துவ அதிகாரியோடும் சேர்ந்து வேலை செய்ய அவருக்குத் தெரியுமா என்பதில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது.

பட்டத்தோடு திரும்பும் நம் பிள்ளைகள் நேராக முழு டாக்டராகிவிட முடியாது. 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்படி முதலில் தற்காலிகப் பதிவு, பிறகு ஹவுஸ்மேன் பயிற்சி. ஒரு வருடமாக இருந்த இப்பயிற்சி 2008இல் இரண்டு வருடமானது. நான்கு மாதத்துக்கு ஒரு பிரிவு. தேறாவிட்டால் அதே பிரிவில் பயிற்சி நீளும்.

புத்தகப் படிப்பில் கெட்டிக்காரரான பிள்ளைகூட இங்கே தடுமாறுவது ஏன்? இந்தியாவின் பெரிய அரசு மருத்துவமனைகளில் மாணவர், பேராசிரியரின் பின்னால் நின்று கேட்டுப் பழகியவர். மருந்து வாங்குவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது என்று பாதி வேலையை அங்கே உறவினர்களே பார்த்துக்கொள்வார்கள். இங்கேயோ வார்டுப் பேச்சு மலாயும் ஆங்கிலமும் கலந்தது. கட்டிலில் இருப்பவர் தேயிலை கிள்ளிய தமிழ்ப் பாட்டியாக இருப்பார்; சீனக் காய்கறித் தோட்டக்காரராக, செமாய் பூர்வகுடிக்காரராக, நேப்பாளத் தொழிலாளியாகவும் இருப்பார்.

முன்பெல்லாம் ஒரே ஹவுஸ்மேன் முப்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நிற்பார். 2011இல் ஷிஃப்ட் முறை வந்தது. களைப்பு குறைந்தது நல்லதுதான். ஆனால் ஒரு நோயாளி கைமாறும் தடவைகள் கூடிவிட்டன. வேலை முடித்துப் போகிறவர் வருகிறவரிடம் விவரம் ஒப்படைப்பதை 'பாஸ் ஓவர்' என்பார்கள். "ஏழாம் கட்டில் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனால் போதாது. இப்போதைய நிலை என்ன, பின்னணி என்ன, என்ன நோய் என்று சந்தேகம், அடுத்து என்ன செய்யவேண்டும் என்று நான்கையும் சொல்லவேண்டும். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைக்கு வந்த முறை இது.

அதைவிடக் கடினமானது "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வது. பின்னிரவு மூன்று மணிக்கு மூத்த டாக்டரை எழுப்பினால் திட்டு விழுமே என்று பயந்து, விடியட்டும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. திட்டு ஆறிவிடும், காத்திருந்த நேரம் திரும்பாது. எழுப்பினால் சீறும் மூத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

இது அனுபவசாலிகளையும் விடுவதில்லை. 2005 மார்ச்சில் இங்கிலாந்தில் எலேய்ன் புரோமிலி என்ற 37 வயதுத் தாய் சாதாரண சைனஸ் அறுவைக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. அனுபவமிக்க டாக்டர்கள் மூவர் குழாய் செருகுவதிலேயே மும்முரமாக இருந்தார்கள். கழுத்தில் துளையிட்டுச் சுவாசம் கொடுக்கும் கருவியை ஒரு நர்ஸ் கொண்டுவந்து, அது தயார் என்றும் சொன்னார். அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பதின்மூன்று நாளில் எலேய்ன் இறந்தார். விமானியான அவர் கணவர், கீழ்நிலைப் பணியாளரும் துணிந்து பேசும் விமானிகளின் பழக்கம் மருத்துவமனைக்கும் வரவேண்டுமென்று பாடுபட்டார்.

நம் தோட்டங்களில் அந்தக் காலத்து டிரஸ்ஸரை நினைத்துப் பாருங்கள். பட்டம் இல்லை. ஆனால் எந்தக் காய்ச்சலை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று அவருக்குத் தெரியும். இன்றைய வார்டில் இருபது வருடம் வேலை பார்த்த மிஸ்ஸியும் அப்படித்தான். "டாக்டர், இவர் முகம் சரியில்லை" என்று அவர் சொன்னால், புதிய டாக்டர் கையில் இருக்கும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்கவேண்டும்.

இதற்கு இறுதியாண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது, இங்குள்ள அரசு மருத்துவமனைகளில் சில வாரம் 'எலெக்டிவ்' பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். பாஸ் ஓவர் எப்படி நடக்கிறது, மிஸ்ஸியிடம் எப்படிப் பேசுகிறார்கள், வலி எங்கே என்று மலாயில் எப்படிக் கேட்கிறார்கள் என்பதையெல்லாம் அப்போதே நேரில் பார்த்துவிடலாம்.